ஆஃப்ரிகான்ஸ் யாருடைய மொழி? ஆடம் ஸ்மால் வாழ்ந்து காட்டிய பதில்

2025 மே மாதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து 59 பேர் அகதிகளாக அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையில் ஆஃப்ரிகானர்களுக்கு முன்னுரிமை தரப்பட்டிருந்தது. அதையொட்டி வந்த செய்திகளில் 'ஆஃப்ரிகானர்', 'ஆஃப்ரிகான்ஸ்' என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வந்தன. ஆஃப்ரிகான்ஸ் என்றால் தென்னாப்பிரிக்க வெள்ளையர்களின் மொழி, அதாவது நிறவெறி ஆட்சி நடத்தியவர்களின் மொழி என்று பலரும் புரிந்துகொண்டார்கள்.

அது முழு உண்மை இல்லை. அந்த மொழியை வீட்டில் பேசுபவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் அல்லர். அவர்களிலிருந்து வந்தவர்தான் கவிஞரும் நாடக ஆசிரியரும் தத்துவப் பேராசிரியருமான ஆடம் ஸ்மால். இந்த மொழி எப்படி ஒரு சாராரின் சொத்தாக ஆக்கப்பட்டது, மற்றவர்கள் அதை எப்படி விடாமல் பிடித்துக்கொண்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, எனக்குத் தெரிந்தவரை அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான வழி இல்லை.

முதலில் சில அடிப்படைகள்

1. ஆஃப்ரிகானர் என்பது ஓர் இனக்குழுவின் பெயர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து தென்னாப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள கேப் பகுதியில் குடியேறிய டச்சு, ஜெர்மானிய, பிரெஞ்சு மக்களின் வழிவந்த வெள்ளையர்களை அது குறிக்கிறது. ஆஃப்ரிகான்ஸ் என்பது மொழி. ஆஃப்ரிகானர் எல்லாருக்கும் தாய்மொழி ஆஃப்ரிகான்ஸ்தான். ஆனால் ஆஃப்ரிகான்ஸ் பேசுகிற எல்லாரும் ஆஃப்ரிகானர் இல்லை.

2. 'கலர்டு' என்பது 1950ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒட்டிய முத்திரை. வெள்ளையர் என்றும் கறுப்பினத்தவர் என்றும் வகைப்படுத்த முடியாதவர்களையெல்லாம் அதில் போட்டார்கள். கேப் பகுதியின் பழங்குடிகளான கோய்கோய் மக்களின் வழியினர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியினர், கலப்பு வழியினர் என்று பலர் இதில் அடக்கம். இன்றும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பெயர் இருக்கிறது. சிலர் அதைத் தங்கள் அடையாளமாகவே ஏற்கிறார்கள், சிலர் அடியோடு மறுக்கிறார்கள்.

3. காப்ஸ் என்பது கேப் டவுனிலும் அதைச் சுற்றியும் இந்த மக்கள் பேசும் ஆஃப்ரிகான்ஸ். பள்ளிப் புத்தகத்தின் ஆஃப்ரிகான்ஸுக்கும் இதற்கும் ஒலியிலும் சொற்களிலும் நிறைய வேறுபாடு உண்டு. ஆங்கிலச் சொற்கள் தாராளமாகக் கலக்கும், சில மெய்யொலிகள் விழுந்துவிடும்.

இப்போது எண்களைப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் ஆஃப்ரிகான்ஸை வீட்டுமொழியாகச் சொன்னவர்கள் சுமார் 68 லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் 13.5 சதவீதம். அதில் ஏறத்தாழ 34 லட்சம் பேர் கலர்டு மக்கள், 27 லட்சம் பேர் வெள்ளையர்கள், 6 லட்சம் பேர் கறுப்பின மக்கள். 2022 கணக்கெடுப்பில் மொழியின் மொத்தப் பங்கு 10.6 சதவீதமாகக் குறைந்தது.

சமையலறையிலும் துறைமுகத்திலும் உருவான மொழி

1652இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்பில் ஒரு கப்பல் நிலையம் அமைத்தது. சில ஆண்டுகளிலேயே அங்கே அடிமைகள் வந்து இறங்கத் தொடங்கினார்கள். இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக், வங்காளம், மலபார், இலங்கை, சோழமண்டலக் கரை என்று அவர்கள் வந்த இடங்கள் பல. கேப் ஆவணங்களில் ஒரு பெயரோடு சேர்த்து 'கொரமாண்டலைச் சேர்ந்த' என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கம்பெனிக்கு நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் கோட்டைகள் இருந்த காலம் அது. ஆக, இந்த மொழியின் முதல் தலைமுறைப் பேச்சாளர்களில் நம் கரையிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களும் இருந்தார்கள்.

எஜமானர்கள் பேசியது டச்சு. அதை அடிமைகளும் கோய்கோய் மக்களும் கற்று, தங்கள் நாக்குக்கு வளைத்துக்கொண்டார்கள். வினைச்சொல் விகுதிகள் உதிர்ந்தன, பால் வேறுபாடு மறைந்தது, மலாய்ச் சொற்களும் போர்த்துகீசியச் சொற்களும் புகுந்தன. எஜமானர்களின் பிள்ளைகள் அவர்களோடு வளர்ந்து அந்தப் பேச்சையே பேசினார்கள். இந்த மாற்றத்தில் யார் பங்கு எவ்வளவு என்று மொழியியலாளர்கள் நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். ஆனால் அடிமைகளின் பங்கே இல்லை என்று இன்று யாரும் சொல்வதில்லை.

அச்சு வரலாறும் இதையே காட்டுகிறது. கேப் முஸ்லிம்களுக்காக அபு பக்கர் எஃபெந்தி என்ற அறிஞர் ஆஃப்ரிகான்ஸை அரபு எழுத்தில் எழுதி ஒரு சமய நூல் ஆக்கினார். அது 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. ஆஃப்ரிகான்ஸின் மிகப் பழைய நூல்களில் அதுவும் ஒன்று. கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1875இல், பார்ல் நகரில் சில வெள்ளையர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். கடவுள் தங்களுக்குக் கொடுத்த மொழி ஆஃப்ரிகான்ஸ் என்று அவர்கள் உரிமை கொண்டாடினார்கள். பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டாவது ஓட்டத்தின் வெற்றிதான். 1925இல் ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழி ஆயிற்று. அகராதி, இலக்கணம், பைபிள் மொழிபெயர்ப்பு, பரிசுகள், பல்கலைக்கழகத் துறைகள் எல்லாம் வந்தன. அவற்றில் எந்தப் பேச்சு தரமானது என்று முடிவுசெய்தவர்கள் ஒரே தோல்நிறத்தவர்கள்.

பண்ணைப் பள்ளியிலிருந்து தத்துவத்துறைக்கு

ஆடம் ஸ்மால் 1936 டிசம்பர் 21 அன்று கேப் மாகாணத்தின் வெலிங்டன் ஊரில் பிறந்தார். ராபர்ட்சன் அருகே கோரே என்ற இடத்தில் அவருடைய தந்தை பள்ளி ஆசிரியராக இருந்தார். சிறு வயது அங்கேதான். பிறகு குடும்பம் கேப் டவுன் பக்கம் வந்தது. ஆத்லோனில் கத்தோலிக்கப் பள்ளியொன்றில் படித்து முடித்து, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மொழிகளும் தத்துவமும் படித்தார். முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது நிக்கோலாய் ஹார்ட்மன், நீட்சே ஆகிய இரு ஜெர்மானியத் தத்துவவாதிகளின் சிந்தனைகளை. லண்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் மேற்படிப்பு.

1959இல் ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகத்தில் தத்துவ விரிவுரையாளராகச் சேர்ந்தார். அதே ஆண்டுதான் உயர்கல்வியையும் நிறப்படி பிரிக்கும் சட்டம் வந்தது. கேப் டவுன் போன்ற பல்கலைக்கழகங்களில் வெள்ளையரல்லாத மாணவர் சேர அமைச்சரின் அனுமதி வேண்டும் என்று ஆயிற்று. ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிக் கல்லூரிகள் முளைத்தன. கலர்டு மாணவர்களுக்காக 1960இல் பெல்வில் பகுதியில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் தொடங்கியதுதான் இன்றைய வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகம். முதல் ஆண்டு மாணவர்கள் 166 பேர். 'புதர்க் கல்லூரி' என்று மக்கள் அதை இளக்காரமாக அழைத்தார்கள். அங்கே தத்துவத்துறையின் தலைவரானார் ஸ்மால். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான்.

இந்த முடிவு அன்றைக்கே கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. நிறவெறி அரசு கட்டிய நிறுவனத்தில் வேலை பார்ப்பது அந்த அமைப்புக்குத் துணைபோவது என்று இடதுசாரி ஆசிரியர் இயக்கத்தினர் கருதினார்கள். அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. அந்த 166 பேருக்கும் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் வேறு இடம் கிடைப்பது அரிது. அவர்களுக்குத் தத்துவம் கற்பிக்க, அவர்கள் தெருவின் மொழியைப் பேசும் ஒருவர் இருந்தார். பிற்காலத்தில் இதே வளாகம் நிறவெறி எதிர்ப்பின் கோட்டையாக மாறியது. 1987இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்து, 1994இல் மண்டேலாவின் அலுவலகத் தலைமைச் செயலரான ஜேக்ஸ் ஹெர்வல் ஓர் ஆஃப்ரிகான்ஸ் இலக்கிய ஆய்வாளர். அந்த மாற்றத்தின் முதல் விதைகள் 1960களின் வகுப்பறைகளில் விழுந்தவை என்றே நான் கருதுகிறேன்.

பகடையை உருட்டும் கடவுள்

ஸ்மாலின் முதல் தொகுப்பு 1957இல் வந்த காதல் கவிதைகள். பள்ளி ஆஃப்ரிகான்ஸில் எழுதப்பட்டவை. அவருக்கு முன்னோடிகளும் உண்டு. எஸ். வி. பீட்டர்சன் 1944இலேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்டார், அவருக்குப் பின் பி. ஜே. ஃபிலாண்டர் வந்தார். இருவருமே தர ஆஃப்ரிகான்ஸில்தான் எழுதினார்கள். வெள்ளையர் எழுதும் அதே மொழியில், அதே திறத்தோடு எங்களாலும் எழுத முடியும் என்று காட்டுவது அந்தத் தலைமுறையின் தேவையாக இருந்தது.

1961இல் 'கித்தார் மெய் கிரெய்ஸ்' வந்தபோது நிலைமை மாறியது. 'கிதார், என் சிலுவை' என்று பொருள். தெருப்பாடகனின் குரல், பிரசங்கியின் குரல், குடிகாரனின் குரல் எல்லாம் காப்ஸிலேயே பேசின. எழுத்துக்கூட்டலும் வாயில் வருகிறபடியே. இந்தத் தொகுப்பில் தென்னாப்பிரிக்கா முழுக்க மனப்பாடமான ஒரு கவிதை உண்டு. மலிவான ஒயினும் ஒரு சிகரெட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் தன் கூட்டாளியிடம் சொல்கிறான்: கர்த்தர் பகடையைக் குலுக்கினார், அது நமக்குத் தப்பாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வரி அன்று ஏன் அத்தனை சூடாக இறங்கியது? அதற்கு ஆஃப்ரிகானர் திருச்சபையின் இறையியலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் திருச்சபை கால்வினியப் பிரிவைச் சேர்ந்தது. எல்லாம் கடவுளின் முன்தீர்மானப்படியே நடக்கிறது என்பது அதன் அடிப்படை. 1857இல் அதன் மாமன்றம், வெள்ளையரல்லாதவர்கள் தனியாக வழிபடலாம் என்று இடம் கொடுத்தது. 1881இல் கலர்டு மக்களுக்கென்று தனிச் சபையே அமைந்தது. 20ஆம் நூற்றாண்டில் இது அரசியல் கோட்பாடாக வளர்ந்தது: மக்களினங்களைத் தனித்தனியாகப் படைத்தவர் கடவுள், அவர்களைப் பிரித்து வைப்பது அவர் சித்தம். ஆக, நிறப்பிரிவினை கடவுளின் திட்டம் என்று பிரசங்க மேடையிலிருந்து சொல்லப்பட்டது.

ஸ்மாலின் குடிகாரன் இந்த இறையியலை மறுத்து வாதாடவில்லை. கடவுள்தான் செய்தார் என்பதை அவனும் ஒப்புக்கொள்கிறான். ஆனால் அவன் பார்வையில் கடவுள் திட்டம் எதையும் போடவில்லை, சூதாடினார். அவனுடைய ஒரு வாக்கியத்தில் அந்தப் பெரிய கோட்பாடு நொறுங்கிப்போகிறது. உன் மேன்மையும் என் தாழ்வும் தற்செயல் என்றால், உன் சட்டங்களுக்குப் புனிதம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கவிதையைச் சிலர் விதியை நொந்துகொள்ளும் கவிதையாகப் படித்தார்கள். ஏழை தன் தலையெழுத்தை ஏற்றுக்கொண்டு சிரித்துக் குடிக்கிறான் என்று எடுத்துக்கொண்டு வெள்ளை வாசகர்கள் ரசித்ததும் நடந்தது. பேசுபவன் கவிஞன் இல்லை, கவிஞன் படைத்த பாத்திரம் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். நீட்சேயைப் படித்து ஆய்வேடு எழுதிய ஒருவர், கடவுளின் கையில் பகடையைக் கொடுக்கும்போது என்ன செய்கிறோம் என்று தெரிந்துதான் செய்திருப்பார்.

அதே 1961இல் 'முதல் கல்?' என்ற தலைப்பில் ஓர் உரைநடை நூலையும் வெளியிட்டார். உங்களில் பாவமில்லாதவன் முதலில் கல்லெறியட்டும் என்று இயேசு சொன்ன சம்பவம்தான் தலைப்பு. கவிதையில் சொன்னதை இங்கே நேரடியாக, கிறிஸ்தவ ஆஃப்ரிகானர்களைப் பார்த்துக் கேட்டார். 1963இல் வந்த 'சே ஷிபோலெத்' தொகுப்பின் தலைப்பும் பைபிளிலிருந்துதான். நியாயாதிபதிகள் நூலில், யோர்தான் துறையில் பிடிபட்டவர்களை 'ஷிபோலெத்' என்ற சொல்லை உச்சரிக்கச் சொல்லி, சரியாக வராதவர்களை வெட்டிப் போடும் கதை வருகிறது. நாக்கின் ஒலியை வைத்து மனிதனைத் தரம் பிரித்த நாட்டில் இந்தத் தலைப்புக்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை.

காப்ஸ் பற்றிய சண்டை

இலக்கியத்தில் காப்ஸ் அதற்கு முன்பும் வந்திருக்கிறது, ஆனால் கோமாளியின் வாயில் மட்டும். வெள்ளை எழுத்தாளர்களின் கதைகளில் கலர்டு வேலைக்காரன் ஒருவன் வருவான், காப்ஸில் ஏதாவது உளறுவான், வாசகர் சிரிப்பார். இந்தப் பின்னணியில் ஸ்மால் காப்ஸில் எழுதத் தொடங்கியதும் எதிர்ப்பு இரண்டு பக்கமும் வந்தது.

1. வெள்ளை விமர்சகர்களில் சிலர் இதை வட்டார வழக்குச் சோதனையாகப் பார்த்தார்கள். சுவையானது, ஆனால் உயர்ந்த கவிதைக்கு இந்தப் பேச்சு தாங்காது என்றார்கள்.

2. கலர்டு அறிவாளர்களில் சிலரின் கோபம் வேறு வகை. படித்து முன்னேறி, நல்ல ஆங்கிலமோ நல்ல ஆஃப்ரிகான்ஸோ பேசித் தங்கள் கண்ணியத்தை நிலைநாட்டப் பாடுபடும் மக்களை, இவர் மறுபடியும் குடிகாரனாகவும் ரவுடியாகவும் காட்டுகிறார், வெள்ளையரின் கேலிச்சித்திரத்துக்குத் தீனி போடுகிறார் என்றார்கள்.

முதல் எதிர்ப்பை எளிதில் ஒதுக்கிவிடலாம். இரண்டாவது வலி நிறைந்தது, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஸ்மாலும் சொன்னார். 1973இல் 'கித்தார் மெய் கிரெய்ஸ்' மறுபதிப்பு வந்தபோது முன்னுரையில் அவர் எழுதியதன் சாரம் இது: காப்ஸ் நகைச்சுவைப் பொருள் அல்ல, அது ஒரு மொழி. அதைப் பேசும் மக்களின் முழு விதியையும் சுமக்கிற மொழி. அவர்கள் பிறந்ததும் அழுகிற முதல் அழுகை இந்த மொழியில்தான். கொடுக்கல் வாங்கல் எல்லாம் இதில்தான், சாகும்போது தொண்டையில் இழுக்கிற மூச்சும் இதில்தான்.

எனக்கு இந்த வாதம் முழுமையாக ஏற்புடையது. ஒரு பேச்சு கேலிக்குரியதாக ஆனதற்குக் காரணம் பேச்சில் இல்லை, அதை எந்தக் காட்சியில் மட்டும் அனுமதித்தார்கள் என்பதில் இருக்கிறது. இறைவனோடு வாதாடவும் பிணத்தின் முன் அழவும் அந்தப் பேச்சைக் கொண்டுவந்தபோது, கோமாளி வேடம் தானே கழன்றுவிட்டது.

கன்னா வீட்டுக்கு வருகிறான்

இந்த வாதத்துக்கு மறுக்க முடியாத சான்று 1965இல் வெளியான 'கன்னா ஹெய் கோ ஹெய்ஸ்டு' நாடகம். 'கன்னா வீட்டுக்கு வருகிறான்' என்பது பொருள். ஆஃப்ரிகான்ஸ் நாடகங்களில் மிகச் சிறந்தவற்றில் ஒன்றாக இன்று எல்லாத் தரப்பினரும் இதை ஏற்கிறார்கள்.

கதை சுருக்கமாக: நடக்க முடியாத ஏழைத் தாய் மக்கீட். அவள் எடுத்து வளர்த்த பையன் கன்னா. கெட்டிக்காரன். அவனைப் படிக்கவைக்கக் குடும்பமே வயிற்றைக் கட்டுகிறது. அவன் பொறியாளராகிக் கனடா போய்விடுகிறான். வருவான், வந்தால் எல்லாம் சரியாகும் என்று வீடு காத்திருக்கிறது. கீட்டி என்ற மகள் வன்முறைக்கு ஆளாகிறாள். டீக்கி என்ற மகன் கொலைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்படுகிறான். கன்னா வருகிறான், மக்கீட்டின் அடக்கத்துக்கு.

இதை நேர்வரிசையில் சொல்லியிருந்தால் உருக்கமான குடும்பக் கதையாக முடிந்திருக்கும். ஸ்மால் காலத்தைக் கலைத்துப்போட்டார். மேடையில் இறந்தவர்களும் இருப்பவர்களும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள். நேற்று நடந்ததும் இருபது ஆண்டுக்கு முன் நடந்ததும் ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. கன்னாவின் குற்றவுணர்வுக்குள் நாம் உட்கார்ந்திருக்கிறோம், அங்கே எதுவும் முடிந்துபோனதாக இல்லை.

நாடகம் யாரையும் வில்லனாக நிறுத்துவதில்லை. அரசு மேடைக்கே வருவதில்லை. ஆனால் தகுதியுள்ள ஒருவன் உருப்பட வேண்டுமானால் நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கிறது, இருப்பவர்களுக்கு அவனைத் தவிர வேறு நம்பிக்கை இல்லை என்ற நிலையை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு காட்சியிலும் நிற்கிறது. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் எந்தச் சமூகமும் இந்த நாடகத்தைத் தன் கதையாகப் படிக்க முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971இல் கேப் டவுனில் அரசு திறந்த பெரிய நாடக அரங்கம், நிக்கோ மலான், முதலில் வெள்ளையர்களுக்கு மட்டும். 1975இல்தான் எல்லாருக்கும் கதவு திறந்தது. ஆஃப்ரிகான்ஸ் நாடகத்தின் உச்சங்களில் ஒன்றை எழுதியவரின் ஆட்கள், தங்கள் ஊரின் முதன்மை அரங்கில் நான்கு ஆண்டுகள் டிக்கெட் வாங்கக்கூட முடியாமல் இருந்தார்கள்.

1973: வேலை போன ஆண்டு

1960களில் ப்ரைட்டன் ப்ரைட்டன்பாக், ஆந்த்ரே பிரிங்க், இங்க்ரிட் யோங்கர் போன்றவர்கள் ஆஃப்ரிகான்ஸ் இலக்கியத்தைப் புரட்டிப்போட்டார்கள். 'அறுபதுகாரர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். ஸ்மாலையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். தாராள மனம் கொண்ட வெள்ளை எழுத்தாளர்கள் சிலர், கலர்டு மக்களையும் 'பழுப்பு ஆஃப்ரிகானர்' என்று அணைத்துக்கொள்ளலாமே என்றார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஸ்மால் பின்னாளில் அதை ஏற்கவில்லை. மொழி பொது என்பதற்காக, அவர்கள் பெயரின் நிழலில் தனக்கு ஓர் இடம் வேண்டியதில்லை என்பது அவர் நிலைப்பாடு.

1970களின் தொடக்கத்தில் ஸ்டீவ் பிக்கோ முதலானோர் வளர்த்த கறுப்புத் தன்னுணர்வு இயக்கத்தின் பக்கம் அவர் போனார். அந்த இயக்கத்தில் 'கறுப்பு' என்பது தோலின் நிறம் அல்ல. ஒடுக்கப்பட்ட கறுப்பினத்தவர், கலர்டு, இந்தியர் எல்லாரும் அதில் அடக்கம். கறுப்பு இறையியல் பற்றி 1970களின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கட்டுரைகளில் ஸ்மாலின் கட்டுரையும் உண்டு. வெள்ளையரின் இரக்கத்தை எதிர்பார்த்து வாழும் மனநிலையை அதில் உதறுகிறார். கூடவே, கறுப்பு இனவாதத்தையும் தலைப்பிலேயே மறுக்கிறார். அந்தக் காலத்தின் சூட்டில் இரண்டையும் ஒரே கட்டுரையில் சொல்ல நிதானம் வேண்டும்.

1973இல் வெஸ்டர்ன் கேப் வளாகத்தில் மாணவர்கள் கொந்தளித்தார்கள். நிர்வாகம் முழுக்க வெள்ளையர் கையில் இருந்தது, அதுதான் முக்கியக் காரணம். அந்த நெருக்கடியில் ஸ்மால் பதவி விலக நேர்ந்தது. 13 ஆண்டு உழைத்து வளர்த்த துறையை விட்டு ஜோஹன்னஸ்பர்க் போய், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பணியில் சேர்ந்தார்.

அதே ஆண்டு கிறிஸ் யான்சனின் புகைப்படங்களோடு டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பற்றிய அவர் நூல் வந்தது. கேப் டவுனின் நடுவே இருந்த அந்தப் பகுதியை 1966 பிப்ரவரியில் அரசு வெள்ளையர் பகுதி என்று அறிவித்தது. 60,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, நகருக்கு வெளியே காற்று வீசும் மணல்வெளியான கேப் ஃபிளாட்ஸில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். வழிபாட்டிடங்கள் மட்டும் தப்பின. அந்தத் தெருக்கள் காப்ஸ் மொழியின் நடுவீடு. அக்கம்பக்கமும் தெருமுனையும் போனபோது, அந்த மொழியை வளர்த்த உறவுகளும் சிதறின.

இந்த ஆண்டுகளில் ஸ்மால் ஆங்கிலத்திலும் எழுதினார். 1975இல் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு ஒன்று வந்தது. அதே ஆண்டில், ஆஃப்ரிகானர்களின் மகாகவி என்று போற்றப்படும் என். பி. வான் வைக் லோவின் கவிதைகளை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் நூலாக வந்தது. யோசித்துப் பாருங்கள். ஆஃப்ரிகானர் ஆட்சியின் பிரிவினை கல்லூரியைக் கொடுத்தது, அந்த அமைப்பே வேலையையும் பறித்தது. அவரோ அந்த மக்களின் சிறந்த கவிஞரை உலகத்துக்குக் கொண்டுபோகிறார். மொழியும் ஆட்சியும் ஒன்றல்ல என்பதை இதைவிட எப்படிச் செய்து காட்டுவது?

அப்புறம் 1976 வந்தது. கறுப்பினப் பள்ளிகளில் கணக்கு உள்ளிட்ட பாடங்களை ஆஃப்ரிகான்ஸில் கற்பிக்க வேண்டும் என்ற ஆணையை எதிர்த்து ஜூன் 16 அன்று ஜோஹன்னஸ்பர்க் அருகே கறுப்பின மக்களின் குடியிருப்பான சொவேட்டோவில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. அன்றிலிருந்து உலகத்தின் காதில் ஆஃப்ரிகான்ஸ் என்றால் துப்பாக்கிச் சத்தம். அந்தக் கோபத்தில் தவறே இல்லை. ஆனால் அதற்கு மறுநாளும் கேப் ஃபிளாட்ஸில் லட்சக்கணக்கான ஏழைகள் அதே மொழியில்தான் எழுந்து வேலைக்குப் போனார்கள். ஒடுக்குபவனின் மொழி என்று உலகம் சொன்னது, அவர்களுக்கு அம்மாவின் மொழி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஸ்மாலின் எழுத்து முழுவதும் இந்த இடுக்கில்தான் நிற்கிறது.

தத்துவத்திலிருந்து சமூகப்பணிக்கு

1977இல் கேப்புக்குத் திரும்பி, ஒரு சமூக சேவை அமைப்பின் இயக்குநரானார். 1984இல் பழைய பல்கலைக்கழகமே மறுபடி அழைத்தது, இம்முறை சமூகப்பணித் துறைத் தலைவராக. 1997இல் ஓய்வு. தத்துவப் பேராசிரியர் ஒருவர் சமூகப்பணிக்கு மாறியது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். அவர் எழுத்தைப் படித்தவர்களுக்குப் படாது. 1983இல் வந்த 'கிரிஸ்மிஸ் வான் மாப் யாக்கோப்ஸ்' நாடகத்தின் நாயகன், சிறையிலிருந்து திரும்பிய முன்னாள் ரவுடிக் கும்பல்காரன். உடம்பெல்லாம் பச்சை குத்தியவன். கேப் ஃபிளாட்ஸ் குடியிருப்பில் மறுபடி மனிதனாக முயல்கிறான். இடம்பெயர்த்தலுக்கும் கும்பல் வன்முறைக்கும் உள்ள தொடர்பை ஆய்வறிக்கைகளுக்குச் சமமாக அந்த நாடகம் விளக்குகிறது.

ஒரு பரிசு ஏன் இத்தனை தாமதம்?

ஆஃப்ரிகான்ஸ் இலக்கியத்தின் மிக உயர்ந்த விருது ஹெர்ட்ஸோக் பரிசு. தென்னாப்பிரிக்க அறிவியல் கலைக் கழகம் அதை வழங்குகிறது. கவிதை, நாடகம், உரைநடை என்று முறை வைத்துக் கொடுப்பார்கள். ஸ்மாலுக்கு அது 2012இல், 75 வயதில், நாடகத்துக்காகக் கிடைத்தது. அவருடைய பெரிய நாடகம் வந்து 47 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கொடுக்க முடியாததற்கு விதி ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டது. கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தத் துறையில் புதிய நூல் வந்திருக்க வேண்டும் என்பது விதி. ஸ்மால் பல ஆண்டுகளாக நாடகம் வெளியிடவில்லை. ஆகவே 2012இல் விதியைத் திருத்திப் பரிசு கொடுத்தார்கள். அதைப் பாராட்டியவர்களும் உண்டு, மிகவும் பிந்திய பரிகாரம் என்று கசந்தவர்களும் உண்டு.

இந்த விதி விளக்கம் எனக்குப் போதவில்லை. 'கன்னா' 1965இல் புதிய நூலாகத்தான் இருந்தது. நாடகத்துக்கான முறை வந்தபோது அது விதிக்குள் அடங்கித்தான் இருந்தது. 1983இல் மாப் யாக்கோப்ஸும் அப்படியே. அப்போதெல்லாம் தடுத்தது விதி இல்லை. ஆகவே 2012இன் திருத்தம், விதி செய்த தவறைச் சரிசெய்யவில்லை. மனிதர்கள் செய்த தவறைச் சரிசெய்தது. அதைக் கழகம் செய்தது நல்லதுதான். ஆனால் எது சரிசெய்யப்பட்டது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆண்டே, 2013இல், நெடுங்கால மௌனத்துக்குப் பிறகு 'கிளாவர்யாஸ்' என்ற கவிதைத் தொகுப்பு வந்தது. 2016 ஜூன் 25 அன்று, 79 வயதில் காலமானார்.

இன்றைய செய்திகளைப் படிக்கும்போது

இந்தப் பின்னணி தெரிந்தால் இன்றைய விவாதங்கள் சில வேறு மாதிரி தெரியும்.

1. 2024 செப்டம்பரில் அதிபர் ராமபோசா கையெழுத்திட்ட பள்ளிக்கல்வித் திருத்தச் சட்டம், பள்ளிகளின் பயிற்றுமொழிக் கொள்கையில் மாகாண அரசு தலையிட வழி செய்கிறது. ஆஃப்ரிகான்ஸ் பள்ளிகளுக்கு ஆபத்து என்று எழும் குரல்களில் வெள்ளையர் அமைப்புகளின் குரலே உரக்கக் கேட்கிறது. ஆனால் அந்த மொழியில் படிக்கும் ஏழைக் குழந்தைகளில் பெரும்பாலோர் கலர்டு குழந்தைகள். அவர்கள் பள்ளிகளின் பிரச்சினை பெரும்பாலும் பயிற்றுமொழியே அல்ல. நெரிசலான வகுப்பறையும் வாசலில் நிற்கும் கும்பல்களும்தான்.

2. வீட்டில் காப்ஸ் பேசும் குழந்தை பள்ளியில் தர ஆஃப்ரிகான்ஸில் தேர்வு எழுதுகிறது. தன் தாய்மொழித் தேர்விலேயே அது தவறாக எழுதியதாக மதிப்பெண் இழக்கிறது. மொழியைக் காப்பது என்றால் எந்த ஆஃப்ரிகான்ஸைக் காப்பது என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது.

3. ஆஃப்ரிகானர் அகதிகள் பற்றிய செய்தியில் மொழி, இனம், அரசியல் மூன்றும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. நாட்டைவிட்டுப் போகும் சிலரோடு அந்த மொழி போய்விடாது. அதன் பெரும்பகுதி கேப் ஃபிளாட்ஸிலும் வடக்கு கேப்பின் வறண்ட ஊர்களிலும் இருக்கிறது.

2021இல் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் பன்மொழி ஆய்வு மையமும், ஹிப்ஹாப் கலைஞர்களோடு பணியாற்றும் ஒரு சமூக அமைப்பும் சேர்ந்து காப்ஸ் மொழிக்கு மும்மொழி அகராதி ஒன்றைத் தொடங்கின. காப்ஸ், தர ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என்று மூன்றும் அதில் அடுத்தடுத்து நிற்கும். 1960இல் புதர்க் கல்லூரி என்று தொடங்கிய அதே நிறுவனம்தான் இதைச் செய்கிறது. அகராதி முழுமையடைந்து பள்ளிகளுக்குப் போனால், காப்ஸில் எழுதிய ஒரு சொல்லைத் தவறு என்று சிவப்பு மையில் சுழிப்பதற்கு முன் ஆசிரியர் எடுத்துப் பார்க்க ஒரு நூல் இருக்கும்.